அயலகத்தில் ஆர்மீனியர்: முன்முடிவுகளும் அவற்றை எதிர்கொண்ட வகையும்

முன்னுரை

ஊர்விட்டு ஊர் செல்லும் மனிதன் தன் உடைமைகளுள் சிலவற்றைச் சுமந்து செல்கிறான். பலவற்றை விட்டுச் செல்கிறான். ஆயினும் அவன் சுமந்து செல்லாத ஒன்று அவனுக்கு முன்பே சென்று புதிய ஊரில் காத்திருக்கிறது. அவனுடைய இனத்தைப் பற்றி அவ்வூரார் கொண்டிருக்கும் கருத்தே அது. அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவன் இன்னவன் என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அத்தீர்ப்போடு அவன் நடத்தும் போராட்டம் அரசியல் வரலாறுகளில் பெரிதும் இடம்பெறுவதில்லை. ஆனால் புலம்பெயர்ந்தோரின் வாழ்வில் பெரும்பகுதி அப்போராட்டத்திலேயே கழிகிறது.

இவ்வுண்மையை விளக்க ஆர்மீனிய இனத்தார் தக்க சான்றாவர். ஆர்மீனிய நாட்டின் உள்ளே வாழ்வோரைவிட அதற்கு வெளியே வாழும் ஆர்மீனியரே மிகுதி. அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழிகள் பல நாடுகளிலும் பதிவாகியுள்ளன. நம் சென்னை மாநகரின் வரலாற்றிலும் அவர்களுக்கு ஓரிடம் உண்டு. அவர்கள் அயலகங்களில் சந்தித்த முன்முடிவுகளையும், அவற்றை எதிர்கொண்ட வகைகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

சான்றுகளைக் கேட்பதற்கு முன்பே வழங்கப்படும் தீர்ப்பே முன்முடிவு. அதற்குத் துணைநிற்பது ஆங்கிலத்தார் 'ஸ்டீரியோடைப்' என்று வழங்கும் வார்ப்புருவம். இச்சொல் அச்சுத்தொழிலிலிருந்து வந்தது. தனித்தனி எழுத்துகளாகக் கோத்த பக்கத்தை அப்படியே படியெடுத்து ஒரே உலோகத் தகடாக வார்ப்பர். கோத்த எழுத்தில் பிழை கண்டால் அவ்வெழுத்தை மட்டும் எடுத்து மாற்றலாம். வார்த்த தகட்டில் அது எளிதன்று. எத்தனை முறை அச்சிட்டாலும் அதே பிழை வந்துகொண்டே இருக்கும். 1922இல் வால்ட்டர் லிப்மன் என்னும் அமெரிக்க இதழாளர் இச்சொல்லை மனிதரைப் பற்றிய உறைந்துபோன எண்ணங்களுக்குப் பொருத்திக் காட்டினார். அன்றுமுதல் அது சமூகவியலில் நிலைபெற்றது.

சிதறிய இனம்

ஆர்மீனியர் தொன்மையான மொழியும் தனித்த எழுத்துமுறையும் உடையவர். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரொப் மஷ்டொட்ஸ் என்னும் துறவி அம்மொழிக்கு எழுத்து வகுத்தார். பேரரசுகள் பலவற்றின் எல்லைகள் மோதிக்கொள்ளும் இடத்தில் அவர்கள் நாடு அமைந்திருந்தமையால் அமைதியான நூற்றாண்டுகள் அவர்களுக்குக் குறைவு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜூல்பா நகரத்து ஆர்மீனியரைப் பெயர்த்துச் சென்று இஸ்பஹான் நகரையடுத்துக் குடியமர்த்தினார். அப்புதிய ஜூல்பாவிலிருந்து புறப்பட்ட வணிகரே சூரத், ஆக்ரா, கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களுக்கு வந்து சேர்ந்தனர்.

அது வணிகத்தால் நிகழ்ந்த பரவல். 1915இல் தொடங்கியதோ அழிவினால் நிகழ்ந்த சிதறல். முதல் உலகப்போரின்போது உதுமானிய ஆட்சியாளர் ஆர்மீனியரை ஊர் ஊராக வெளியேற்றிச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்தினர். கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டோர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது வரலாற்றறிஞர் பெரும்பாலோரின் கணிப்பு. அதனை இனப்படுகொலை என்றே அவர்கள் குறிக்கின்றனர்; துருக்கி அரசு அப்பெயரை ஏற்பதில்லை. எஞ்சியோர் அலெப்போ, பெய்ரூட், மார்செய், பாரிஸ், நியூயார்க், பிரெஸ்னோ எனப் பல நகரங்களில் ஏதிலியராய்க் கரையேறினர்.

சென்னையில் ஆர்மீனியர்

சென்னை ஆர்மீனியருள் புகழ்பெற்றவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலத்தைத் தம் பொருளால் கட்டியவர் அவரே. இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கும் இடம் அது. பரங்கிமலை மீது ஏறும் படிகளையும் அவர் அமைத்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றித் தம் பக்கம் சேருமாறு அழைத்தபோது அவர் மறுத்தார். அதனால் அவருடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. ஆயினும் 1749இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், ஆர்மீனியரையும் கத்தோலிக்கரையும் பிரெஞ்சுக்காரரின் நண்பர்கள் என ஐயுற்று, கோட்டையைச் சார்ந்த வெள்ளையர் நகரில் அவர்கள் குடியிருப்பதற்குத் தடை விதித்தனர். ஒருவர் தம் செல்வத்தை இழந்து காட்டிய நன்றியுணர்வு அவர் இனத்தாரின் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. எவரோ சிலர்மீது எழுந்த ஐயமோ இனம் முழுவதற்கும் பற்று எழுதப்பட்டது. முன்முடிவின் கணக்கு எப்பொழுதும் இவ்வாறே எழுதப்படுகிறது.

ஆயினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1772இல் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் ஒன்று நிறுவப்பட்டது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்', 1794இல் ஹருத்யூன் ஷ்மவோனியன் என்னும் பாதிரியாரால் சென்னையிலேயே தொடங்கப்பெற்றது. தாய்நாட்டிலும் அச்சேறாத இதழ், தமிழ் மண்ணில் அச்சேறியது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

மொழி மாணவர்க்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெரு, தமிழர் வாயில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று. அங்கே அரண்மனையும் இல்லை; அரண்மனைக்காரனும் இல்லை. கேட்டறியாத சொல்லைக் கேட்டறிந்த சொல்லாக்கிக் கொண்டது நாவு. இதில் தீங்கொன்றும் இல்லை. ஆனால் அறியாத மனிதனையும் அவ்வாறே ஏற்கெனவே அறிந்த ஓர் உருவமாக்கிக் கொள்ளும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

பிரெஸ்னோ: பழியும் பதிவேடும்

கலிபோர்னியாவில் உள்ள பிரெஸ்னோ நகருக்கு ஆர்மீனியர் 1880களில் வரத் தொடங்கினர். திராட்சை பயிரிட்டு, உலர்திராட்சைத் தொழிலில் முன்னேறினர். முன்னேற்றத்தோடு பகையும் வளர்ந்தது. 'பிரெஸ்னோ இந்தியர்' என்று அவர்களுக்கு ஏளனப் பட்டப்பெயர் சூட்டப்பட்டது. மனமகிழ் மன்றங்களில் அவர்களுக்கு இடமில்லை. குடியிருப்பு மனைகளின் கிரயப் பத்திரங்களிலேயே ஆர்மீனியர்க்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்னும் நிபந்தனை எழுதப்பட்டது. நிலத்தை உழுது பண்படுத்தியவன் நல்ல தெருவில் ஒரு வீடு வாங்க இயலவில்லை.

இப்பகைக்குக் காரணம் என்ன என்று ரிச்சர்டு லாபியர் என்னும் சமூகவியல் அறிஞர் ஆராய்ந்து 1936இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் பயிலத்தக்கவை. ஆர்மீனியர் மீது அந்நகரத்தார் கூறிய குற்றச்சாட்டுகள் மூன்று. அவர்கள் நாணயமற்றவர், பிறர் தருமத்தை நம்பி வாழ்பவர், எதற்கெடுத்தாலும் வழக்காடுபவர். லாபியர் இவற்றை மறுத்துச் சொற்பொழிவாற்றவில்லை, பதிவேடுகளைப் புரட்டினார். வணிகரிடம் இருந்த கடன் பதிவேடுகளில் ஆர்மீனியரின் நாணயம் மற்றவர்களுடையதற்குக் குறைவாக இல்லை. அறநிலைய உதவி கோரியவர் பட்டியலில் அவர்கள் மிக அரியராகவே காணப்பட்டனர். நகர மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினராக இருந்த அவர்கள், நீதிமன்ற வழக்குகளில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காட்டிலேயே இடம்பெற்றிருந்தனர். பழி ஒரு பக்கமும் பதிவேடு மறுபக்கமும் நின்றன.

இங்கு இன்னொன்றும் எண்ணத்தக்கது. கீழை நாடுகளில் பயணம் செய்த ஐரோப்பியரிடையே ஆர்மீனியன் என்றால் எவரையும் ஏய்த்துவிடும் தந்திரமான வணிகன் என்ற எண்ணம் வழங்கியது. 1915க்குப் பின் அமெரிக்க வீடுகளிலோ, தட்டில் உணவை மிச்சம் வைக்கும் குழந்தைகளுக்குப் பட்டினி கிடக்கும் ஆர்மீனியரை நினைவூட்டுவது வழக்கமாயிற்று. அந்நாட்டு மக்கள் திரட்டியளித்த உதவி 10 கோடி டாலருக்கும் மேற்பட்டது. எண்ணற்ற அநாதைக் குழந்தைகள் அதனால் உயிர் பிழைத்தனர். அவ்வுதவி போற்றத்தக்கதே. எனினும் பெரும் பணக்காரன், பெரும் பஞ்சை என்னும் இரண்டு உருவங்களும் ஒரே இனத்தின்மீது ஒரே காலத்தில் ஒட்டப்பட்டன. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு படங்கள் ஒருவனுக்கே பொருந்துமாயின், வரைந்தவர் அவன் முகத்தைப் பார்த்து வரையவில்லை என்பதே பொருள். இரக்கத்தில் பிறந்த வார்ப்புருவமும் வார்ப்புருவமே.

நீதிமன்றத்தில் தோலின் நிறம்

அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, குடியேறியவர் குடியுரிமை பெற வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வழியினராகவோ இருத்தல் வேண்டும். 1923இல் பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திண்ட் என்னும் சீக்கியர், தாம் வெள்ளையரே என்று வாதிட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக, ஆரிகன் மாநிலத்தில் கம்பள வணிகம் செய்த டேட்டோஸ் கார்டோஸியன் என்னும் ஆர்மீனியரின் குடியுரிமையையும் நீக்கக் கோரி அரசு வழக்குத் தொடுத்தது. மானிடவியல் அறிஞர் பிரான்ஸ் போவாஸ் ஆர்மீனியர்க்கு ஆதரவாகச் சான்றளித்தார். 1925இல் ஆர்மீனியர் வெள்ளையரே என்று தீர்ப்பாயிற்று.

வெற்றி வெற்றிதான். ஆனால் அது எவ்வாறு கிட்டியது? ஆர்மீனியர் துருக்கியரோடும் குர்துகளோடும் கலவாமல் தனித்து வாழ்ந்தவர் என்பதையும் அத்தீர்ப்பு ஒரு காரணமாகக் கொண்டது. 'நாங்கள் அவர்களைப் போன்றவர் அல்லர்' என்று மெய்ப்பித்தால்தான் கதவு திறக்கும். திறந்த கதவு பின்னால் நிற்பவரின் முகத்தில் அடைத்துக்கொள்ளும். அநீதியான சட்டத்தின் முன் நிற்பவன் தன் உரிமையைக் காக்க வேறு வழியின்றி அவ்வாறு வாதிட்டதைக் குறைகூற இயலாது. குறை, அப்படி வாதிடச் செய்த சட்டத்தினுடையது. எனினும் ஒரு முன்முடிவிலிருந்து தப்ப இன்னொரு முன்முடிவின்மீது ஏறி நிற்கும் இடர் இதில் உள்ளது என்பதை மறத்தலாகாது.

இதில் ஒரு முரணும் உண்டு. அமெரிக்காவில் 'காகசியர்' என்றால் வெள்ளையர் என்று பொருள். ஆனால் காகசிய மலைநாட்டை அடுத்துள்ள ரஷ்யாவிலோ, 'காகசிய இனத்தார்' என்னும் தொடர் ஆர்மீனியர், ஜார்ஜியர், செச்சனியர் முதலிய பல இனத்தாரையும் ஒன்றாகக் கட்டி, கரிய தலைமுடியுடைய அயலார் என ஐயத்தோடு சுட்டும் தொடராகும். ஒரே சொல் ஒரு நாட்டில் உள்ளே வரும் சீட்டு. மற்றொரு நாட்டில் தெருவில் நிறுத்திச் சோதிக்கப்படுவதற்குரிய அடையாளம். இனம் பற்றிய சொற்களின் அறிவியல் மதிப்பு எவ்வளவு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நாவும் நகைப்பும்

லெபனானில் ஏதிலியர் குடியேறிய புர்ஜ் ஹம்மூத் பகுதியில் தாங்கள் இழந்த ஊர்களின் பெயரையே புதிய தெருக்களுக்குச் சூட்டினர். மராஷ் என்னும் ஊரிலிருந்து வந்தோர் 'நோர் மராஷ்', அதாவது புதிய மராஷ், என்றனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த புகலிடம் பெரிது. ஆயினும் அவர்கள் பேசிய அரபு மொழி நகைப்புக்கு இடமாயிற்று. ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றிப் பேசும் ஆர்மீனியன், நகைச்சுவைத் துணுக்குகளில் நிலையான பாத்திரமானான்.

காரணம் இலக்கணத்தில் உள்ளது. ஆர்மீனிய மொழியில் பால்பாகுபாடு இல்லை. அவன், அவள் என்னும் இரண்டிற்கும் ஒரே சொல்தான். அரபு மொழியிலோ வினையும் பெயரும் பால் காட்டும். எனவே அவன் செய்த பிழை அறியாமையின் விளைவன்று. அவனுள் இன்னொரு மொழி முழுமையாக உயிரோடிருப்பதன் அடையாளம். நம் நாடகங்களும் திரைப்படங்களும் 'நம்பள், நிம்பள்' என்று பேசவைத்து ஓர் இனத்தாரையே கேலிப்பொருளாக்கியதை இங்கு ஒப்புநோக்கலாம். தம் தாய்மொழியோடு இன்னொரு மொழியையும் பேச முயல்பவரை, ஒரே மொழி அறிந்தவர் நகைப்பது வியப்பிற்குரியதே.

சிவப்புச் சுவரொட்டி

வார்ப்புருவம் அரசின் கருவியாகும்போது அது உயிரைக் குடிக்கும். மிஸாக் மனூஷியன் 1915இன் அழிவில் பெற்றோரை இழந்து, லெபனானில் அநாதை இல்லத்தில் வளர்ந்து, 1920களில் பிரான்சுக்குச் சென்றவர். தொழிற்சாலைகளில் உழைத்தார்; கவிதைகள் எழுதினார்; ஆர்மீனிய மொழியில் இதழ் நடத்தினார். பிரெஞ்சுக் குடியுரிமை கோரிய அவருடைய விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. அந்நாட்டை ஜெர்மானியர் கைப்பற்றியபோது, குடியேறியோர் குழு ஒன்றின் தலைவராக அவர்களை எதிர்த்துப் போரிட்டார். 1943 நவம்பரில் கைதாகி, 1944 பிப்ரவரி 21 அன்று தோழர்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்போது ஜெர்மானியர் பிரெஞ்சு நகரங்களில் சிவப்பு நிறச் சுவரொட்டி ஒன்றை ஒட்டினர். அதில் பத்துப் பேரின் படங்கள்; ஒவ்வொன்றின் கீழும் அவருடைய இனம்: போலந்து யூதன், ஹங்கேரிய யூதன், இத்தாலியன். மனூஷியனின் படத்தின்கீழ் 'ஆர்மீனியன், கும்பல் தலைவன்' என்று காணப்பட்டது. சவரம் செய்யாத முகங்களையும் அயலொலிப் பெயர்களையும் கண்டால் பிரெஞ்சு மக்கள் வெறுப்புறுவர் என்பது அவர்கள் கணிப்பு. அக்கணிப்பு பொய்த்தது. இழிவுபடுத்த அச்சிட்ட சுவரொட்டியே தியாகிகளின் நினைவுச் சின்னமாயிற்று. சரியாக 80 ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரி 21 அன்று, பிரான்சு தன் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோன் மண்டபத்தில் மனூஷியனும் அவர் மனைவி மெலினேயும் இடம்பெற்றனர். இறப்பதற்குமுன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், ஜெர்மானிய மக்கள்மீது தமக்குப் பகையில்லை என்று அவர் தெரிவித்திருந்தார். தம்மை இனத்தின் பெயரால் கொல்ல நிற்பவரின் இனத்தை அவர் வெறுக்க மறுத்தார். முன்முடிவை வெல்வது என்பதற்கு இதுவே முழுப்பொருள்.

எதிர்கொண்ட வகை

ஆர்மீனியர் இத்தகைய முன்முடிவுகளை எதிர்கொண்ட வகைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

ஒன்று, மறைதல். ஆர்மீனியப் பெயர்களின் ஈற்றில் வரும் 'யன்' என்னும் விகுதி இன்னார் வழியினர் என்று காட்டும். அவ்விகுதியை வெட்டியோர் பலர். புகழ்பெற்ற பாடகர் ஷார்ல் அஸ்னவூர் பிறப்பால் அஸ்னவூரியன். திக்ரான் குயும்ஜியன் என்பவர் மைக்கேல் ஆர்லன் ஆகி ஆங்கில நாவலாசிரியராகப் புகழ்பெற்றார். தம் மகனிடத்தும் ஆர்மீனியத்தைப் பற்றி அவர் பேசியதில்லை. அந்த மௌனத்தின் காரணத்தைத் தேடிச் சென்ற மகன் 1975இல் எழுதிய நூல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. தந்தை மறைத்தது மகனுக்குத் தேடலாகிறது. எனவே மறைதல் ஒரு தலைமுறைக்கே பயன்படும்.

இரண்டு, நிறுவனங்களைக் கட்டுதல். சென்ற இடமெல்லாம் அவர்கள் தேவாலயம், பள்ளி, அச்சகம் என்னும் மூன்றையும் நிறுவினர். பிறர் தம்மைப் பற்றி எழுதியதற்கு விடையாகத் தாமே தம்மைப் பற்றி எழுதினர்.

மூன்று, தம்மை மனிதராகக் காட்டுதல். பிரெஸ்னோவில் 1908இல் பிறந்த வில்லியம் சரோயன், தம் தெருவின் ஆர்மீனியரை நல்லவர், சோம்பர், கனவு காண்போர், சினமுடையோர் எனப் பல்வேறு இயல்பினராகக் கதைகளில் உலவவிட்டார். அவர்களைப் புகழ்ந்து எழுதவில்லை, உள்ளவாறு எழுதினார். பழிக்கும் வார்ப்புருவத்திற்கு மாற்று, புகழும் வார்ப்புருவம் அன்று, தனித்தனி முகங்களே. வீட்டுப் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. ஆர்மீனியர்க்கும் அது விடுதலையாயிற்று. ஒருகாலத்தில் அவர்களுக்கு வீடு மறுத்த கலிபோர்னியாவின் ஆளுநராக, 1983 முதல் 1991 வரை ஜார்ஜ் டியூக்மேஜியன் என்னும் ஆர்மீனியர் வீற்றிருந்தார்.

நடுநிலை

இவ்வரலாற்றைப் பயிலும் முஸ்லிம் மாணவர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். 1915இன் கொடுமையை இழைத்தது முஸ்லிம்களின் பேரரசு அன்றோ? ஆம். அதனை மூடி மறைப்பது நேர்மையாகாது. நீதிக்குச் சான்று பகர்வதில் தன்னவர், பிறர் என்னும் வேறுபாடு நமக்கு விலக்கப்பட்டது. அதே வரலாற்றில், ஆர்மீனியரை வெளியேற்றும் ஆணைக்கு இணங்க மறுத்து, அலெப்போவிலிருந்து கொன்யாவுக்கு மாற்றப்பட்டு, அங்கும் இணங்காமல் பதவியிழந்த ஆளுநர் ஜெலால் பேயும் ஒரு முஸ்லிமே. 1917இல் ஆர்மீனியர்க்குப் பாதுகாப்பளிக்குமாறு எழுத்தில் ஆணையிட்ட மக்காவின் ஷரீப் ஹுசைனும் முஸ்லிமே. அநாதைகளுக்கு வீடு திறந்த சிரிய அரபு மக்களும் அவ்வாறே. ஆர்மீனியன் என்பது ஒரே வார்ப்பு அன்று. துருக்கியன் என்பதும், முஸ்லிம் என்பதும் அன்று. 2007 ஜனவரியில் இஸ்தான்புல் ஆர்மீனிய இதழாசிரியர் ஹிராந்த் திங்க் கொல்லப்பட்டபோது, தாங்கள் அனைவரும் ஆர்மீனியரே என்னும் பதாகைகளை ஏந்தி அந்நகரத்து மக்கள் பல்லாயிரவர் அவருடைய இறுதி ஊர்வலத்தில் நடந்தனர்.

திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் ஏளனம், பட்டப்பெயர், வீண் ஐயம் ஆகியவற்றை அடுத்தடுத்து விலக்குகிறது. பிரெஸ்னோவில் நிகழ்ந்ததும் இதே வரிசைதான்: நகைப்பு, பட்டப்பெயர், ஐயம், இறுதியில் பூட்டிய கதவு.

முடிவுரை

வாடகைக்கு வீடு கேட்கையில் பெயரைச் சொன்னதும் முகம் மாறும் வீட்டுக்காரரை நம்மில் பலர் அறிவோம். அந்த வலியை அறிந்த நாம், நம் ஊருக்கு உழைக்க வரும் வடமாநிலத் தொழிலாளியைக் கண்டதும் என்ன நினைக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற அடியை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். நாம் பிற ஊருக்குச் செல்லும்போது அவ்வடி இனிக்கும். பிறர் நம் ஊருக்கு வரும்போதுதான் அது நமக்குத் தேர்வு வைக்கிறது.

நாளை வேலை தேடி அயல்மாநிலமும் அயல்நாடும் செல்லவிருக்கும் மாணவர்க்கு ஆர்மீனியரின் வரலாறு உணர்த்துவன இவை: பழி வந்தால் பதிவேட்டைக் காட்டுக, பெயரை மறைக்க வேண்டா, பிறரைத் தாழ்த்தி உயர வேண்டா, உங்களைப் பற்றி நீங்களே எழுதுக. ஊரில் இருப்போர்க்கு உணர்த்துவது ஒன்றே: வந்தவனைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதற்கு முன் அவன் பேசுவதைக் கேளுங்கள்.